முக்காலிக்குப் பின்னாலிருந்த கை

மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் இங்கே குத்துக்கல்வலசையில் குறையில்லாமல் இருக்கிறேன். நீ சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இன்றைக்குக் கேட்க மனசு வரவில்லை. நீ மதுரையிலிருந்து அனுப்பிய படமும் கடிதமும் வந்து சேர்ந்தன. தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "ஆச்சி, உள்ள போட்டோ இருக்கும் போலுக்கே. மடங்காமக் கொண்டாந்திருக்கேன். உடைங்க, நானும் பாத்துட்டுப் போறேன்" என்றார். "மடங்காமக் கொண்டாந்ததுக்கு மோர் தாரேன், குடிச்சிட்டுப் போரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உறையைப் பிரித்தேன். சாத்தியது நல்லதாகப் போயிற்று. இரண்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். உன் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்குக் காலையிலிருந்து உச்சி வரைக்கும் ஆயிற்று. பதிலைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சொல்லி எழுதியிருக்கலாம். எழுதினால் சாயங்காலமே ஊர் முழுக்க உன் மானம் போயிருக்கும். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தில் பிழை இருக்காது.

வருகிற ஆவணியில் உன் மகனுக்குச் சாஸ்தா கோயிலில் முடி இறக்கப் போகிறாய். முந்தின நாள் குற்றாலத்தில் எல்லோரும் கூடிக் குடும்பப் படம் எடுக்கப் போகிறீர்கள். வருகிறவர்களுக்கு நம் குடும்ப வம்சாவளியைச் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்கப் போகிறாய். அதன் முதல் பக்கத்துக்கு, உன் கோமு அத்தை பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த இந்தப் பழைய படத்தைப் போடப் போகிறாய். எந்த வருஷம் எடுத்தது என்று என்னிடம் கேட்கிறாய். நடுவில் முக்காலிமேல் நிற்கிற பெண் குழந்தை யார் என்று கேட்கிறாய். குழந்தையின் இடுப்புப் பக்கம் ஏன் சுரண்டினாற்போல் இருக்கிறது என்று கேட்கிறாய். கேட்டதோடு விட்டாயா? நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற வாலிபன்தான் உன் அப்பா என்று அத்தை சொன்னாளாம். அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாயாம். வெள்ளிக்கிழமை தோறும் உன் பெண்டாட்டி மாலை சாத்தி நெய்விளக்கு ஏற்றுகிறாளாம். இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறாயே ஒரு வரி, அதைத்தான் நான் இரண்டு தரம் படித்தேன். குற்றாலத்தில் படம் எடுக்கும்போது அத்தை நடுவில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வாள். உன் மாமனார் வீட்டார் சாஸ்திரம் பார்க்கிறவர்கள். அதனால் நீ வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொள் அம்மா, வருத்தப்படாதே என்கிறாய்.

வருத்தம் எனக்கு இல்லை. கோபம்தான். அதை ஓரத்தில் நெருக்கி எழுத எனக்குத் தெரியாது.

முதலில் அந்த மாலையைக் கழற்று. இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படி. நீ மாலை போட்டு வைத்திருப்பது உன் சித்தப்பா சங்கரனுக்கு. அவன் ராயகிரியில் பெண்டாட்டி வீட்டோடு கல்லுப்போல் இருக்கிறான். போன பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பார்த்தேன். வாய் நிறைய வெற்றிலையை அதக்கிக்கொண்டு, "மதினி, சொகமா இருக்கியளா?" என்று கேட்டான். தலை வழுக்கை, தொப்பை முன்னால் வருகிறது, அவன் பின்னால் வருகிறான். அதனால்தான் உனக்கு அடையாளம் தெரியவில்லை. உயிரோடிருக்கிறவன் படத்துக்கு மாலை போடுகிற கூத்து நம் பக்கத்தில் எங்கேயாவது நடந்திருக்கிறதா? முடியிறக்குக்கு அவனையும் அழைத்திருப்பாய். அவன் வந்து உன் புத்தகத்தைப் புரட்டி, "ஏலே, நான் எப்பம்லே செத்தேன்?" என்று சபையில் கேட்டால் நீ என்ன சொல்வாய்? அத்தையைக் கேள் என்பாயா?

சாடை இருக்கத்தான் செய்யும். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். ஆனால் நீ சாடையைப் பார்த்தா முடிவு செய்தாய்? கோமு சொன்னாள், நீ எழுதிக்கொண்டாய். நீ பார்ப்பது போலீஸ் உத்தியோகம். ஒரு கள்ளன் வந்து நின்று ஒன்றைச் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வாயா? இப்படிச் சொல்வதால் இவனுக்கு என்ன லாபம் என்று ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டாயா?

அந்த வாலிபனின் தலையைப் பார். 'என் தந்தையார் அக்காலத்திலேயே குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்ட முற்போக்காளர்' என்று உன் புத்தகத்துக்கு எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடே, உன் அப்பா ஊர் வீரகேரளம்புதூரில் அந்தக் காலத்தில் யாரடா கிராப்பு வைத்தான்? படத்தில் உன் தாத்தாவைப் பார், குடுமிதான். உன் அப்பாவுக்கும் குடுமிதான். இடது பக்கம் சரிந்த முடிச்சு. எண்ணெய் காய விட மாட்டார். சங்கரனின் தலையில் நீ பார்ப்பது நாகரிகம் இல்லை. கருமாதிக்கு எடுத்த மொட்டை வளர்ந்துகொண்டிருக்கிறது. உன் அப்பா தை மாதம் வாந்திபேதியில் போனார். பொங்கலுக்கு வெட்டிய கரும்பு முற்றத்தில் சாய்த்தபடியே கிடந்தது. கொள்ளி வைக்க வேண்டியவன் நீ. நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். உன் விரலைக் கொள்ளியில் தொட வைத்து, அதை வாங்கிச் சங்கரன் வைத்தான். சிற்றாற்றங்கரையில் அவன் தலையை மழித்தார்கள். குடுமியும் போயிற்று, மீசையும் போயிற்று. தையில் மழித்த தலை ஆடிக்கு எவ்வளவு வளருமோ அவ்வளவு வளர்ந்து படத்தில் நிற்கிறது. எந்த வருஷம் என்று கேட்டாயே, அவன் தலையிலேயே எழுதியிருக்கிறது. உன் அப்பா இறந்த வருஷத்து ஆடி. அந்தப் படத்தில் உன் அப்பா எப்படி நிற்பார்?

இப்போது அந்தப் பெண் குழந்தைக்கு வருவோம். அடுத்த வீட்டுப் பிள்ளை என்று அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறாய். அடுத்த வீட்டுப் பிள்ளையை நடுவில் முக்காலிமேல் ஏற்றி நிறுத்தி எந்தக் குடும்பமடா படம் எடுக்கும்? அது நீ. முடி இறக்குமுன் ஆண் பிள்ளைக்கு உச்சியில் கொண்டை போட்டுப் பூச்சுற்றிப் பாவாடை கட்டிப் பார்ப்பது நம் வீட்டு வழக்கம். உன் மகனுக்கும் அதைத்தான் செய்யப் போகிறாய். உன் கடிதத்திலேயே இருக்கிறது. மகனுக்குச் செய்யப் போவதை அப்பனுக்கும் செய்திருப்பார்கள் என்று உனக்குத் தோன்றவில்லை. உன் வாயைப் பார். அழுதுகொண்டிருக்கிறாய், பல் தெரிகிறது. உன் அப்பா போனபோது உனக்கு ஒரு பல்லும் கிடையாது. கோமுவுக்கு இது நன்றாகத் தெரியும். பிள்ளை நீதான் என்று சொன்னால், பல் முளைத்த பிள்ளைக்குப் பக்கத்தில் செத்துப் போன தகப்பன் எப்படி நிற்பான் என்ற கேள்வி வரும். அதனால் உன்னை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு பொய்யை நிறுத்த இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தாள்.

அவளுக்கு என்ன லாபம் என்று இப்போது சொல்கிறேன். ஒரு வீட்டில் மூத்த ஆண் போய் வருஷம் திரும்பவில்லை என்றால் அந்த வீட்டார் திருவிழா பார்ப்பதில்லை, பலகாரம் சுடுவதில்லை, கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. கூடப் பிறந்த தம்பி போய் ஆறு மாதம்தான் ஆகிறது, அக்காள் சீசனுக்குக் குற்றாலம் போய் அருவியில் குளித்து மங்குஸ்தான் வாங்கித் தின்று படமும் எடுத்துக்கொண்டாள் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தெரியாமல் இருக்கக் கூண்டு வண்டிக்குத் திரை கட்டித்தான் போனோம். கேட்டவர்களிடம், பிள்ளைக்குக் கரப்பான் புண், அருவித் தண்ணீர் பட்டால் ஆறும் என்று சொல்லச் சொன்னாள். உனக்குக் கரப்பான் ஒன்றும் இல்லை. இரண்டு வேர்க்குரு இருந்தது. அவள் புருஷன் கொல்லத்தில் வியாபாரம் என்று போய்விட்டதால் வருஷத்தில் பாதி நாள் அப்பன் வீட்டில்தான் இருப்பாள். யாரோ பண்ணையார் வீட்டுச் சுவரில் குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. "முடி எறக்கத்தான் வருசம் திரும்பணும். படம் எடுக்கதுக்கு எந்தச் சாத்திரம் குறுக்க நிக்கி?" என்று அப்பனை அரித்தாள். உன் தாத்தா மகள் பேச்சைத் தட்டாதவர். மகன் போன பிறகு எதையுமே தட்டாதவர் ஆகிவிட்டார்.

என்னை ஏன் கூட்டிப் போனார்கள் தெரியுமா? நீ பால் மறக்கவில்லை. சமைக்கவும் ஆள் வேண்டும். தாலியறுத்தவள் வருஷம் திரும்பும்வரை வாசல் தாண்டக் கூடாது என்று தையில் சொன்ன கோமுவின் அதே வாய், ஆடியில் "ஏட்டி, வண்டியில ஏறு, திரையை விலக்காத" என்றது. அருவிக்குப் போகிற வழியில் ஒரு சீசன் வீடு. சாரலில் நனைந்த விறகு, ஊதி ஊதி என் கண் வீங்கியது. அவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பசியோடு வருவார்கள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் சுடச்சுட இருக்க வேண்டும். அருவி இரைகிற சத்தம் அடுப்படிவரை கேட்கும். நான் அதில் தலையை நனைக்கவில்லை. இன்றைக்கு உனக்குப் புத்தி சொல்கிற வயது எனக்கு, கேட்டுக்கொள்: ஒரு படத்தைக் கையில் எடுத்தால் அதில் நிற்கிறவர்களை மட்டும் எண்ணாதே. அவர்கள் நின்றபோது அடுப்படியில் யார் இருந்தார்கள் என்று கேள். உன் வம்சாவளியிலும் இதைத்தான் கோட்டைவிட்டாய். ஆணுக்கு ஆண், அவனுக்கு ஆண் என்று கோடு போட்டுக்கொண்டே போயிருக்கிறாய். நம் வீட்டு ஆண்கள் ஆண்களுக்கே பிறந்ததுபோல இருக்கிறது.

படக்காரர் மலையாளக் கரையிலிருந்து செங்கோட்டை வழியாகச் சீசனுக்கு வருகிறவர். தேரடிக்குப் பக்கம் கொட்டகை போட்டிருந்தார். உள்ளே ஒரு பெரிய துணியில் அருவி எழுதித் தொங்கவிட்டிருந்தது. எனக்கு அதுதான் முதல் வேடிக்கை. கூப்பிடு தூரத்தில் மெய்யான அருவி கொட்டிக்கொண்டிருக்கிறது, இவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி அருவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலியில் உன் தாத்தா. இன்னொன்றில் யார் தெரியுமா, கோமு. அந்தக் காலத்தில் அப்பனுக்குச் சமமாக நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். காதுப் பாம்படம் தோளில் இடிக்க, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தவளை, தம்பி செத்த வீட்டுப் பெண் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பின்னால் சங்கரன். நடுவில் முக்காலிமேல் நீ. நான் கொட்டகை வாசலில் சேலைத்தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு, உன் மாற்றுத் துணியைப் பிடித்தபடி நின்றேன்.

நீ நிற்கவில்லை. படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் அலறினாய். கோமு பிடித்தாள், அலறினாய். சங்கரன் கிலுகிலுப்பை ஆட்டினான், அதைத் தட்டிவிட்டாய். படக்காரர் வெளியே தலையை நீட்டி, "கொச்சு பேடிக்குந்நு. அம்மை எங்கே? அம்மை பிடிச்சா கரையில்லா" என்றார். பிள்ளை பயப்படுகிறது, தாய் பிடித்தால் அழாது என்கிறார். பச்சைப் பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்று கண்டுபிடிக்க மலையாளக் கரையிலிருந்து ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. கோமு அப்போதும் விடவில்லை. "அவ தாலியறுத்தவ. படத்துல விழப்பிடாது. வீட்டுல மாட்டுத படம், பீடை" என்றாள். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. கொட்டகைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். படக்காரர் சமாதானமாக, "விழண்டா அம்மா. முக்காலிக்குப் பின்னால இருந்நோட்டே. துணி இட்டு மூடாம்" என்றார். படத்தில் விழ வேண்டாம், பின்னால் உட்காரட்டும், துணி போட்டு மூடிவிடலாம் என்கிறார். உன் தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா, போய் உக்காரு" என்றார். தன் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கொடுத்தார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே துணி அது. அதுவும் என்னை மூடுவதற்கு.

முக்காலிக்குப் பின்னால் குந்தினேன். சால்வையை என் தலைக்கு மேலாக முக்காலி வரைக்கும் போர்த்தினார்கள். "கையை உள்ள வச்சுக்க. பிள்ளை பாவாடைக்குள்ள பிடி. வெளிய தெரிஞ்சுது, பாத்துக்க" என்று கோமுவின் குரல் மேலே கேட்டது. சால்வைக்குள் மூக்குப்பொடி வாசனை, மூச்சு முட்டியது. நான் உன் முதுகில் நெற்றியை வைத்ததும் நீ அழுகையை விக்கலாக்கிக்கொண்டு நின்றுவிட்டாய். "ஆரும் அனங்கண்டா" என்று படக்காரர் சொன்னார். அசையாதே. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து எல்லோரும் எனக்குச் சொன்னது அதைத்தான். அன்றைக்கு அதே சொல்லைக் கோமுவுக்கும் சொன்னார்கள், உன் தாத்தாவுக்கும் சொன்னார்கள். அவர்கள் யாரும் இப்போது திரும்பிப் பார்க்க முடியாது. அது எனக்கு உறைத்தது. உன் பாவாடைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, சால்வைக்கு வெளியே நீட்டி, உன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். புறங்கை முன்னால் தெரியும்படி பிடித்தேன். படக்காரர் பார்த்திருப்பார். பார்த்தும் பெட்டிக் கண்ணாடியின் மூடியைத் திறந்தார், மூடினார். அந்த மனுஷன் போன இடத்தில் நன்றாக இருக்கட்டும்.

உன் கையில் இருக்கிற படத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார். நீ சுரண்டல் என்று எழுதினாயே, அந்த இடத்தைப் பார். பாவாடைமேல் விரல்கள் தெரியும். மணிக்கட்டில் வளையல் இல்லை. வளையல் இல்லாத பெண் கையை யார் படத்தில் விடுவார்கள்? அதுவே உனக்கு வருஷத்தைச் சொல்லியிருக்கும். மணிக்கட்டுக்குக் கீழே புறங்கையில், பாதி சுரண்டிய பிறகும், கொடுக்குத் தூக்கிய தேள் ஒன்று தெரியும். எனக்கு ஏழு வயதில் ஒரு குறத்தி குத்திய பச்சை. நீ குழந்தையில் அதைத் தடவித்தான் தூங்குவாய். 'கொட்டுமா அம்மா' என்று கேட்பாய். உன் அப்பா கேட்ட அதே கேள்வி. கல்யாணம் ஆன புதிதில் முதன்முதலாக என் கையைப் பிடித்தவர், "ஏட்டி, இது கொட்டுமா?" என்றுதான் கேட்டார். "பிடிக்குத மாதிரிப் பிடிச்சாக் கொட்டாது" என்றேன். அவர் சிரித்த சிரிப்புக்குத் தொழுவத்து மாடு திரும்பிப் பார்த்தது. என் வளையலை உடைத்தார்கள், தாலியை அறுத்தார்கள், பூவை எடுத்தார்கள், பொட்டை அழித்தார்கள். அந்தத் தேளை ஒன்றும் செய்ய முடியவில்லை. மதுரையில் கைரேகையைப் பார்த்துக் கள்ளனைப் பிடிக்கிறாயாம். ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். பெற்ற தாயின் கை படத்தில் இருக்கிறது, சுரண்டல் என்று எழுதியிருக்கிறாய்.

சுரண்டியது யார் என்று சொல்லாமலே தெரிந்திருக்கும். படம் காய்ந்து அட்டையில் ஒட்டி வீரகேரளம்புதூருக்கு வந்த அன்றைக்குக் கோமு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். முதலில் தன் பட்டுச்சேலையைப் பார்த்தாள், பாம்படத்தைப் பார்த்தாள். பிறகுதான் கண் நடுவில் போயிற்று. "பாவி, கையை நீட்டிட்டாளே!" என்று கத்தினாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, படத்தை மடியில் வைத்துச் சுரண்டத் தொடங்கினாள். உன் தாத்தா பதறிப்போய், "ஏ கோமு, விடு, பேரன் இடுப்பைக் கிழிச்சிராத" என்று கையைப் பிடித்தார். பேரன் இடுப்பு கிழியக் கூடாது. அதைப் பிடித்திருந்த கை கிழியலாம். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி நிலையில் நின்றேன். "மதினி, தேளைச் சுரண்டாதீங்க. கொட்டிரும்" என்றேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்திச் சொன்ன முதல் வார்த்தை அது, கடைசி வார்த்தையும் அதுதான். மறுநாள் உன்னைத் தூக்கிக்கொண்டு என் அப்பன் வீட்டுக்கு, இந்தக் குத்துக்கல்வலசைக்கு வந்தவள், திரும்பப் போகவில்லை. படத்தை அடுப்பில் போட்டுவிட்டதாகப் பிறகு சொல்லி அனுப்பினாள். நானும் நம்பினேன். பட்டுச்சேலை விழுந்த படத்தை அவள் எரிப்பாளா என்று யோசிக்காமல் போனேன். பெட்டிக்குள் வைத்துக் காத்திருக்கிறாள். நீ வயலில் என்னோடு களை பறித்த வருஷங்களில் உன் அத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாளா? காக்கிச் சட்டை போட்ட பிறகு வாரம் ஒரு கடிதம், அதிரசம், இந்தப் படம். உன் அப்பா முகம் என்று சொன்னால் நீ உருகிவிடுவாய் என்று அவளுக்குத் தெரியும். உருகினாய்.

உன் அப்பாவுக்குப் படம் கிடையாது. அதைப் படிக்க உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர் அவர். தென்காசித் தேருக்குப் போனபோது ஒரு படக்காரர் கூப்பிட்டதற்கு, கூட்டத்தில் என்னையும் விட்டுவிட்டு ஓடினார். எடுக்காதவர் வாலிபத்திலேயே போனார். எடுத்துக்கொண்டவன் ராயகிரியில் வெற்றிலை போடுகிறான். அவருடைய வலது காது மடலில் மாடு குத்திய வடு உண்டு, சங்கரனுக்குக் கிடையாது. கோபம் வந்தால் பேச மாட்டார், செருப்பைப் போட்டுக்கொண்டு கிணற்றைச் சுற்றுவார். உன் மகன் தூக்கத்தில் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறானே, அது அவர். இதையெல்லாம் கண்ணாடி போட்டு மாட்ட முடியாது. சுவரில் ஒரு முகம் வேண்டும் என்பதற்காக யாரோ ஒருவன் முகத்தைத் தகப்பன் என்று கும்பிடாதே. வெறும் சுவராக இருக்கட்டும். வெறும் சுவர் பொய் சொல்லாது.

புத்தகத்துக்கு முதல் பக்கத்தில் இந்தப் படத்தைப் போடுவதானால் போடு. நான் தடுக்கவில்லை. ஆனால் கீழே எழுதும்போது சரியாக எழுது. உட்கார்ந்திருப்பவர் தாத்தா, உட்கார்ந்திருப்பவள் கோமதி, நிற்பவன் சங்கரலிங்கம், முக்காலிமேல் அழுகிறவன் நீ, உன்னைப் பிடித்திருக்கிற கை உன் தாயுடையது, உன் தகப்பன் இறந்த வருஷத்து ஆடியில் எடுத்தது. அப்படி எழுத உனக்குக் கூச்சமாக இருந்தால் படமே வேண்டாம். கோமு கோபித்துக்கொள்வாள் என்றால் கோபிக்கட்டும். என் கோபம் உன் வயது. அவள் கோபம் இப்போதுதான் பிறக்கப் போகிறது.

இனி அந்த ஓர வரிக்கு வருகிறேன். ஆவணியில் குற்றாலத்தில் உன் மகனுக்குக் கொண்டை போட்டுப் பூச்சுற்றுவீர்கள். கோமு நாற்காலியில் உட்காருவாள். அவள் மடியில் வைத்ததும் அவன் அலறுவான். மதுரையில் உங்களோடு இருந்து, பிறந்த முப்பதாம் நாளிலிருந்து அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது யார், உன் அத்தையா? படக்காரர், தாய் எங்கே, ஆச்சி எங்கே என்று கேட்பார். உன் பெண்டாட்டி சின்னப் பெண், மாமனார் முகத்தையும் உன் முகத்தையும் பார்ப்பாள். நீ உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் வந்து பின்னால இருந்து பிடிச்சுக்கோ" என்பாய். உன் தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன மாதிரியே சொல்வாய். அவர் பேரன்தானே நீ. அப்போது என்ன சொல்வது என்று நான் இங்கிருந்தே யோசித்து வைத்துவிட்டேன். அங்கே வந்து உன்னைச் சபையில் திணற வைக்க வேண்டாம் என்று இப்போதே எழுதுகிறேன்.

நான் வருகிறேன். வெள்ளைச் சேலையோடு வருகிறேன். முக்காடு போட மாட்டேன். உன் மாமனார் வீட்டுச் சாஸ்திரத்துக்கு நான் இருக்கிற இடத்தில் இருக்க முடியாது என்றால், அது துணி அருவிக்குப் பின்னால் போய் உட்காரட்டும். முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடு. பிள்ளையை என் மடியில் கொடு. போடவில்லை என்றால் இப்போதே ஒரு கார்டு எழுதிவிடு, நான் வண்டி ஏறவில்லை. ஆனால் வரவழைத்துவிட்டுப் பின்னால் போகச் சொல்லாதே. முக்காலிக்குப் பின்னால் குந்துவதற்கு இப்போது என் முட்டி மடங்காது.

இப்படிக்கு,
உன் அம்மா